புரோமோபென்சீன் 99%: மீதி ஒரு சதவீதத்தில்தான் விஷயம் இருக்கிறது

கரிம வேதியியல் ஆய்வக அலமாரியில் ஒரே ஒரு அரைல் ஹாலைடுக்குத்தான் (பென்சீன் வளையத்தில் நேராக ஹாலஜன் அமர்ந்த சேர்மம்) இடம் என்றால், அந்த இடத்தைப் புரோமோபென்சீனுக்குக் கொடுக்கலாம். இங்கே மதிப்பிடுவது, ஆய்வகத் தரத்தில் அம்பர் நிறக் கண்ணாடிப் பாட்டிலில் வரும் 99% புரோமோபென்சீன். அதோடு அதே அலமாரியில் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் 4-புரோமோஅனிசோல், 4-புரோமோடொலுயீன், 1,4-டைபுரோமோபென்சீன் ஆகியவற்றையும் பார்க்கலாம். வாங்குபவர்கள் லேபிளில் 99 என்ற எண்ணைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். வினை ஓடுமா, ஓடாதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. மீதியுள்ள ஒரு சதவீதம் என்ன பொருள் என்பதுதான் சொல்கிறது.

ஏன் புரோமைடு? பென்சீன் வளையத்திலிருந்து ஹாலஜனைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைப் பாருங்கள். குளோரோபென்சீனில் மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல், புரோமோபென்சீனில் 336, அயோடோபென்சீனில் 272. குளோரைடு சாதாரண ஈதரில் மக்னீசியத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. டெட்ராஹைட்ரோஃபியூரான், கூடுதல் வெப்பம் எல்லாம் வேண்டும். அயோடைடு சுறுசுறுப்பானது, ஆனால் வெளிச்சம் பட்டால் அயோடின் விட்டுப் பழுப்பாகும், மக்னீசியத்தோடு சேர்க்கும்போது பக்கவினைகளும் அதிகம். எடைக் கணக்கும் அதற்குச் சாதகமாக இல்லை: அயோடோபென்சீனின் எடையில் 62% வெறும் அயோடின், வினை முடிந்ததும் அது கழிவு. புரோமோபென்சீனில் அந்தக் கழிவு 51%. வேகம், நிலைப்புத்தன்மை, வீணாகும் எடை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் புரோமைடு ஜெயிக்கிறது.

நல்ல பாட்டில் எப்படி இருக்கும்? நிறமற்ற திரவம், மிஞ்சினால் மிக லேசான மஞ்சள். கொதிநிலை 156 °செ, உருகுநிலை -31 °செ, அடர்த்தி 20 °செ-இல் மில்லிலிட்டருக்கு 1.495 கிராம், மோலார் எடை 157.0. கண்ணுக்கு மஞ்சள் தெளிவாகத் தெரிந்தால் கரைந்திருக்கும் புரோமினையோ, சிதைவையோ சந்தேகிக்க வேண்டும். பாட்டிலைத் திறந்ததும் செய்யக்கூடிய விரைவான சோதனை ஒளிவிலகல் எண். 20 °செ-இல் 1.5597 வர வேண்டும். அறை வெப்பநிலை அதிகமாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.0005 குறையும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். பென்சீனின் எண் 1.501 என்பதால், 1% பென்சீன் கலந்திருந்தாலே சுமார் 0.001 இறங்கிவிடும். ஒரு சொட்டு, ஒரு நிமிடம். இந்தச் சோதனையைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

இப்போது அந்த 99-க்கு வருவோம். பெரும்பாலான லேபிள்களில் அந்த எண் வாயு நிறச்சாரலில் (கலவையை ஆவியாக்கி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனி முகடாகப் பிரித்துக் காட்டும் முறை) வரும் முகடுகளின் பரப்பளவு சதவீதம். வழக்கமாகப் பயன்படும் சுடர் அயனியாக்க உணர்கருவிக்கு நீர் தெரியாது, கரைந்திருக்கும் ஹைட்ரஜன் புரோமைடும் தெரியாது. ஆகவே "99%" என்றால் எரியக்கூடிய கரிமப் பொருள்களுக்குள் 99% புரோமோபென்சீன் என்றுதான் அர்த்தம். தெரியும் மீதியில் வழக்கமாக இருப்பவை, தொழிற்சாலையில் பென்சீனை இரும்பு வினையூக்கியோடு புரோமினேற்றம் செய்ததில் தங்கியவை: வினைபுரியாத பென்சீன், ஒரு படி அதிகமாகப் போன டைபுரோமோபென்சீன்கள், புரோமினில் குளோரின் கலந்திருந்தால் குளோரோபென்சீன். பகுப்பாய்வுச் சான்றிதழில் கார்ல் ஃபிஷர் முறையில் நீர் அளவும், அமிலத்தன்மையும் தனி வரியாக இருந்தால் அந்தத் தயாரிப்பை நம்பி வாங்கலாம். 99% ஆக இருந்தும் இந்த இரு வரிகள் இல்லாததைவிட, 98.5% என்று போட்டு இவற்றைத் தெளிவாகக் கொடுத்திருப்பது மேல்.

இந்தப் பொருளின் உண்மையான தேர்வுக்களம் கிரிக்னார்டு வினை: ஈதரில் ஹாலைடை மக்னீசியத்தோடு சேர்த்து, உருவாகும் மக்னீசியச் சேர்மத்தை வேறொரு பொருளோடு வினைபுரிய வைப்பது. விக்டர் கிரிக்னார்டு (பிரெஞ்சு உச்சரிப்பில் கிரின்யார்) 1900-இல் வெளியிட்ட இந்த முறைக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் புதிதாகச் செய்பவர்களைத் தடுமாற வைப்பது அதே மக்னீசியமும் ஈதரும்தான். 0.1 மோல் அளவுக்கு வேண்டியவை: மக்னீசியம் சீவல் 2.5 கிராம், புரோமோபென்சீன் 15.7 கிராம், உலர் டைஎத்தில் ஈதர் மொத்தம் 80 முதல் 100 மி.லி., 250 மி.லி. மூன்று கழுத்துக் குடுவை, கால்சியம் குளோரைடு குழாய் பொருத்திய கண்டென்சர், சொட்டுப்புனல்.

முதல் தவறு அளக்கும்போதே நடக்கும். 15.7 கிராம் என்பது 10.5 மி.லி. மட்டுமே. கிராமை மில்லிலிட்டராக எடுத்துக்கொண்டு 15.7 மி.லி. ஊற்றினால் உள்ளே போவது 23.5 கிராம், அதாவது 0.15 மோல். மக்னீசியம் தீர்ந்த பிறகும் 0.05 மோல் புரோமோபென்சீன் குடுவையில் நிற்கும். உருவான கிரிக்னார்டு வினைபொருளோடு (ஃபீனைல்மக்னீசியம் புரோமைடு) அது சேர்ந்து, இரு பென்சீன் வளையங்கள் ஒட்டிய பைஃபீனைல் என்ற பக்க விளைபொருளைத் தரும். இவ்வளவு கனமான திரவத்தை எடைபோட்டே எடுப்பது நல்லது.

மக்னீசியம், ஒரு சிறு அயோடின் படிகம், 15 மி.லி. ஈதர், 1 மி.லி. புரோமோபென்சீன். தொடக்கத்தில் இவ்வளவுதான். வினை பிடித்துவிட்டால் அயோடினின் பழுப்பு நிறம் மறையும், சீவலின் பரப்பில் சிறு குமிழிகள் கிளம்பும், திரவம் கலங்கும், குடுவையின் அடி கைக்கு இளஞ்சூடாகத் தெரியும். பத்து நிமிடமாகியும் அசைவில்லை என்றால் உலர்ந்த கண்ணாடித் தண்டால் இரண்டு மூன்று சீவல்களை ஈதருக்கு அடியிலேயே நசுக்கிப் புதிய பரப்பு கொடுக்கலாம். 40 °செ வெந்நீர்த் தொட்டியில் சிறிது நேரம் வைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் 1,2-டைபுரோமோஈத்தேன் சில சொட்டுகள் விடலாம். அது எத்திலீனாகப் பொங்கி வெளியேறும்போது மக்னீசியத்தின் ஆக்சைடு படலத்தையும் கிழித்துவிடும்.

செய்யவே கூடாதது, "பிடிக்கவில்லையே" என்று மீதிப் புரோமோபென்சீனையும் ஊற்றுவது. ஈதரின் கொதிநிலை 34.6 °செ. மொத்தமும் உள்ளே இருக்கும்போது வினை பிடித்தால் கண்டென்சரால் தாக்குப்பிடிக்க முடியாது, ஈதர் மேலே பீறிட்டு வெளியேறும். அருகில் ஒரு ஹாட்பிளேட் இருந்தால் போதும், தீ பிடித்துவிடும். பனிக்கட்டித் தொட்டியைத் தொடங்கும் முன்பே பக்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

வினை பிடிக்காததற்குப் பழி வழக்கமாகப் புரோமோபென்சீன் பாட்டிலின் மேல் விழுகிறது. கணக்குப் போட்டால் பழி வேறு இடத்துக்குப் போகும். பாட்டிலில் 0.05% நீர் இருக்கிறது என்று வையுங்கள். 15.7 கிராமில் அது 8 மில்லிகிராம், அதாவது 0.44 மில்லிமோல். 100 மில்லிமோல் கிரிக்னார்டு வினைபொருளில் அரை சதவீதம்கூட போகாது. ஈதரில் 0.5% நீர் இருந்தாலோ கதை வேறு. தொடக்கத்தில் ஊற்றிய 15 மி.லி. ஈதரின் எடை 10.7 கிராம், அதில் நீர் 53 மில்லிகிராம், அதாவது 3 மில்லிமோல். தொடக்கத்தில் போட்ட 1 மி.லி. புரோமோபென்சீன் 9.5 மில்லிமோல்தான். உருவாகும் முதல் வினைபொருளில் மூன்றில் ஒரு பங்கு உடனே பென்சீனாகச் சாகும், மக்னீசியத்தின் மேல் ஹைட்ராக்சைடு படியும். பாட்டிலை மாற்றும் முன் ஈதரை மாற்றிப் பாருங்கள்.

பிடித்தபின், மீதி 9.5 மி.லி. புரோமோபென்சீனை 60 மி.லி. ஈதரில் கரைத்து, ஈதர் தானாகவே மெதுவாகக் கொதித்துக்கொண்டிருக்கும் வேகத்தில், முப்பது நாற்பது நிமிடத்தில் சொட்டுசொட்டாக விட வேண்டும். கரைசல் சாம்பல் கலந்த பழுப்பாகிக் கருக்கும். அவசரப்பட்டால் செறிவும் சூடும் ஏறும், பைஃபீனைல் கூடும். இது புரோமோபென்சீனின் நிரந்தரக் குறை. எவ்வளவு சுத்தமான பாட்டிலிலும் கொஞ்சம் பைஃபீனைல் வரும், அதைப் பூச்சியமாக்க முடியாது, குறைக்கலாம்.

விளைபொருளாக டிரைஃபீனைல்மெத்தனால் செய்வதாக இருந்தால் 16.4 கிராம் பென்சோஃபீனோனை 50 மி.லி. ஈதரில் கரைத்து இதே வேகத்தில் சேர்க்கலாம். பிறகு பனிக்கட்டி போட்ட நீர்த்த அமிலத்தில் ஊற்றிச் சிதைத்து, ஈதர் அடுக்கைப் பிரித்து உலர்த்தி, ஆவியாக்கினால் மஞ்சள் பூசிய திண்மம் கிடைக்கும். அதைக் குளிர்ந்த பெட்ரோலியம் ஈதரில் இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 மி.லி. அளவில் கலக்கி வடிகட்டினால் பைஃபீனைல் கரைந்து போய்விடும். டிரைஃபீனைல்மெத்தனால் பெரும்பாலும் கரையாமல் நிற்கும். அதன்பின் எத்தனாலில் மறுபடிகமாக்கினால் உருகுநிலை 162-164 °செ வர வேண்டும். பைஃபீனைல் 69-71 °செ-இல் உருகுவது. ஆகவே 150-ஐ ஒட்டி நீண்ட தூரம் இழுத்து உருகினால் கழுவல் போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

டைபுரோமோபென்சீன் என்ற அந்த மீதி ஒரு சதவீதம் இங்கேதான் முகம் காட்டும். பென்சோஃபீனோனுக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு சேர்த்துப் பென்சாயிக் அமிலம் செய்வதாக வையுங்கள். டைபுரோமோபென்சீனில் ஒரு புரோமின் மட்டும் மக்னீசியத்தோடு சேர்ந்தால், கார்பன் டைஆக்சைடோடு வினைபுரிந்தபின் பென்சாயிக் அமிலத்தோடு 4-புரோமோபென்சாயிக் அமிலமும் வரும். இரண்டும் அமிலம், இரண்டும் காரத்தில் கரையும், பிரிபுனலால் பிரிக்க முடியாது. பென்சீனோ குளோரோபென்சீனோ கலந்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. இரண்டும் ஈதரில் சும்மா கிடந்து, ஆவியாக்கும்போது போய்விடும்.

பழைய பாட்டிலை மீட்கலாம், மீட்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. முதலில் அடர் கந்தக அமிலத்தால் நன்றாகக் கழுவ வேண்டும், பிறகு 10% சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு நீர். பலர் தடுமாறுவது பிரிபுனலில்தான். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84, அதனால் புரோமோபென்சீன் மேல் அடுக்கு. காரக் கரைசலின் அடர்த்தி 1.11, அங்கே புரோமோபென்சீன் கீழ் அடுக்கு. நீரிலும் கீழ் அடுக்கு. முதல் கழுவலில் மேலே இருந்தது என்ற நினைவில் இரண்டாம் கழுவலில் கீழ் அடுக்கைக் கழிவில் திறந்துவிட்டால் சரக்கே போய்விடும். காய்ச்சி வடித்து முடியும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.

கால்சியம் குளோரைடில் உலர்த்தி, கால்சியம் ஹைட்ரைடோடு சூடாக்கி வடித்து, 154 முதல் 157 °செ வரை வருவதைச் சேகரிக்கலாம். இந்த வெப்பநிலைக்கு நீர் ஓடும் கண்டென்சரைவிடக் காற்றுக் கண்டென்சர் பாதுகாப்பு. சூடான ஆவி குளிர்நீர் ஓடும் கண்ணாடியைத் தொட்டால் விரிசல் விடலாம். குடுவையை வறளவிடக் கூடாது. கடைசியில் தங்குவது 1,4-டைபுரோமோபென்சீன். அதன் கொதிநிலை 219 °செ, உருகுநிலை 87-89 °செ, அதனால் பேராசைப்பட்டு முழுவதும் வடித்தால் அது கண்டென்சரில் உறைந்து குழாயை அடைக்கும். இன்னொன்று: ஈதரை உலர்த்தச் சோடியம் போடும் பழக்கம் இருப்பவர்கள் அதே கையோடு புரோமோபென்சீனிலும் சோடியம் போட்டுவிடக் கூடாது. அரைல் புரோமைடும் சோடியமும் தீவிரமாக வினைபுரியும், வெடிக்கவும் கூடும்.

பல்லேடியத்தை வினையூக்கியாக வைத்து இரு கரிமத் துண்டுகளை ஒட்டும் இணைப்பு வினைகளில் இதே குடும்பத்தின் நடத்தை முற்றிலும் மாறுகிறது. 2010-இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த துறை இது. இங்கே நீர் எதிரியில்லை. அரைல் ஹாலைடைப் போரானிக் அமிலத்தோடு இணைக்கும் சுசுகி வினையில் நாமே நீர் சேர்க்கிறோம். ஆக்சிஜன்தான் எதிரி. 4-புரோமோஅனிசோலை எடுத்துக்கொண்டால், 1.87 கிராம், அதாவது 10 மில்லிமோல். ஃபீனைல்போரானிக் அமிலம் 1.46 கிராம், பொட்டாசியம் கார்பனேட் 2.76 கிராம், டெட்ராகிஸ்(டிரைஃபீனைல்ஃபாஸ்ஃபீன்)பல்லேடியம் 0.23 கிராம், டையாக்சேன் 40 மி.லி., நீர் 10 மி.லி. வினையூக்கியைச் சேர்க்கும் முன் கரைசலுக்குள் நைட்ரஜனை 15-20 நிமிடம் குமிழவிட்டு, பிறகு 90 °செ-இல் சில மணி நேரம் வைத்தால் 4-மெத்தாக்சிபைஃபீனைல் கிடைக்கும். நைட்ரஜன் விடுவதில் சோம்பினால் போரானிக் அமிலம் தன்னோடு தானே இணைந்து இங்கேயும் பைஃபீனைல் வரும். வினையூக்கி பளிச்சென்ற மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்திருந்தால் அது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்தது, அதைப் போட்டுவிட்டு அரைல் புரோமைடைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

4-புரோமோஅனிசோல் இந்த வினையில் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். மெத்தாக்சி தொகுதி வளையத்துக்கு எலக்ட்ரான் கொடுப்பதால் பல்லேடியம் கார்பன்-புரோமின் பிணைப்புக்குள் நுழையத் தயங்குகிறது. 4-புரோமோபென்சால்டிஹைடு அதே சூழலில் விரைவாக முடிந்துவிடும். வினை முடிந்ததா என்று நிறை நிறமாலையில் பார்ப்பது சுலபம், அதற்குப் புரோமினே உதவுகிறது. இயற்கைப் புரோமினில் 79, 81 என்ற இரு ஐசோடோப்புகளும் ஏறத்தாழப் பாதிப்பாதி. அதனால் மிச்சமிருக்கும் 4-புரோமோஅனிசோல் 186, 188 என்று சம உயரமுள்ள இரட்டைக் கோடுகளாக நிற்கும். விளைபொருள் 184-இல் ஒற்றையாக வரும். அரைல் புரோமைடுகளின் இந்த அடையாளத்தைக் குளோரைடும் அயோடைடும் இவ்வளவு அழகாகத் தருவதில்லை.

4-புரோமோடொலுயீனை வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி மாற்றியங்களைப் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) பற்றியது. டொலுயீனை நேரடியாகப் புரோமினேற்றம் செய்தால் ஆர்த்தோவும் (மெத்திலுக்குப் பக்கத்து இடத்தில் புரோமின்) பாராவும் (நேரெதிர் இடத்தில்) சேர்ந்தே வரும். கொதிநிலைகள் 181, 184 °செ, அதனால் வடித்துப் பிரிப்பது கடினம். உருகுநிலைகள் -27, +27 °செ என்று தள்ளியிருப்பதால் குளிர்வித்துப் படிகமாக்கித்தான் பிரிக்கிறார்கள். ஆகவே குளிர்பதனப் பெட்டியில் வைத்த பாட்டில் முழுதும் கெட்டியாக உறைந்தால் நல்ல அறிகுறி. படிகங்களுக்கிடையே திரவம் தேங்கி நின்றால் ஆர்த்தோ மாற்றியம் கலந்திருக்கிறது. இணைப்பு வினையில் அது அப்படியே உள்ளே போய் மாற்றிய விளைபொருளாக வெளியே வரும், பிறகு நிறச்சாரல் தூணில் பிரிப்பது பெரும்பாடு. மூக்கையும் கண்ணையும் எரித்தால் பக்கச் சங்கிலியில் புரோமினேறிய பென்சைல் புரோமைடு வகை கலந்திருக்கிறது. எத்தனாலில் கரைத்த வெள்ளி நைட்ரேட்டில் சில சொட்டு விட்டால் அது உடனே வீழ்படிவு தரும். சுத்தமான அரைல் புரோமைடு தராது.

அந்த அசைவின்மை இந்தக் குடும்பத்தின் பொதுக் குணம். புரோமோபென்சீனைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்க வைத்து ஃபீனால் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். திரவ அமோனியாவில் சோடமைடு போன்ற வலுவான காரம் இருந்தால் அனிலீன் வரும், ஆனால் அது நேரடிப் பதிலீட்டில் வருவதில்லை, பென்சைன் (வளையத்திலிருந்து ஹைட்ரஜன் புரோமைடு விலகியதும் உண்டாகும் குறுகிய ஆயுள் இடைநிலை) வழியாக வருவது. ராபர்ட்சும் கூட்டாளிகளும் 1953-இல் கார்பன்-14 குறியிட்ட குளோரோபென்சீனைக் கொண்டு இதைக் காட்டினார்கள். நைட்ரோ ஏற்றம் செய்தால் வளையம் பென்சீனைவிட மெதுவாக வினைபுரிந்து பெரும்பங்கு பாராவும், அடுத்து ஆர்த்தோவும் தரும், மெட்டா பெயரளவுக்கு.

கிரிக்னார்டுக்கென்று வாங்கக் கூடாதவையும் உண்டு. 4-புரோமோஃபீனால், 4-புரோமோஅனிலீன், 4-புரோமோபென்சாயிக் அமிலம் ஆகியவற்றில் இருக்கும் அமில ஹைட்ரஜன் வினைபொருளைப் பிறக்கும்போதே கொன்றுவிடும். 1-புரோமோ-4-குளோரோபென்சீன் மாறாக நல்ல தேர்வு. ஈதரில் புரோமின் பக்கம் மட்டும் மக்னீசியத்தை ஏற்கும், குளோரின் அடுத்த படிக்குக் காத்திருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் புரோமோபென்சீனின் மென்மையான மணம் யாரையும் ஏமாற்றக் கூடாது. உடலில் அது 3,4-எப்பாக்சைடாக மாறிக் கல்லீரலின் குளூட்டாதயோனைத் தீர்த்துவிட்டு செல்களைத் தாக்குகிறது. அதன் ஆவி சுடர் பட்டால் தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை (ஃபிளாஷ் பாயிண்ட்) 51 °செ. ஃபியூம் ஹூட்டுக்குள்தான் திறக்க வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டுமே காவல், நனைந்த உடன் கழற்றிப் புதியது போட வேண்டும். நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதால் கழுவுதொட்டியில் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஹாலஜன் கழிவுக்கென்று தனியாக வைத்த கலனில், அசிட்டோன் கழிவோடு கலக்காமல் சேர்க்க வேண்டும். பாட்டிலின் மூடியில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி, இருட்டான அலமாரியில் 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை உருண்டைகளோடு வைத்தால் அடுத்த கிரிக்னார்டுக்கும் அதே பாட்டில் போதும்.